வன்னியிலிருந்து அந்திரோமீடாவில் வெடிக்கும் விண்மீன்களைத் தேடலாமா?

கேள்வி (இரணைமடு ஆசிரியர்):

வணக்கம். உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். எங்களிடம் 150 மில்லிமீற்றர் தெறிப்புத் தொலைகாட்டியும், வானத்தின் சுழற்சியைத் தொடரும் மோட்டார்த் தாங்கியும், பழைய கமராவொன்றும் உள்ளன. மாரி ஓய்ந்து தை பிறந்ததும் குளக்கட்டுப் பக்கம் அந்திரோமீடாப் பேரடை (விண்மீன்களின் பெருந்திரள்) வெறுங்கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரிகிறது. அங்கே வெடிக்கும் விண்மீனொன்றை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்க இயலுமா?

பதில் 1 (வவுனியா வாசகர்):

ஐயா, சுப்பர்நோவாவை, அதாவது விண்மீனே அழியும் பெருவெடிப்பை, எதிர்பார்க்க வேண்டாம். 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அப்பேரடையில் இதுவரை பதிவானது 1885 ஆகஸ்டில் தோன்றிய ஒன்றே. விண்மீன் அழியாத சிறிய வெடிப்புகளான நோவாக்களோ ஆண்டுக்கு 60க்கு மேல் நிகழ்வதாகக் கணித்திருக்கிறார்கள். வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) தன் துணைமீனிடமிருந்து இழுத்தெடுக்கும் ஐதரசன் மேற்பரப்பில் திரண்டு, அதன் அடியிலுள்ள படையின் வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறும்போது அணுக்கருத் தாக்கம் கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்கிறது. மேற்படை வீசியெறியப்பட்டாலும் விண்மீன் அழியாததால் மீண்டும் வெடிக்க முடியும். 2008இல் அங்கே கண்டறியப்பட்ட ஒன்று ஏறத்தாழ ஆண்டுதோறும் வெடிக்கிறது.

பெரும்பாலானவை 16 முதல் 18 வரையான பருமனில்தான் (எண் கூடக்கூட ஒளி மங்கும் அளவீடு) தெரியும். கண்ணால் பார்த்துப் பயனில்லை. குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குங்கள்.

பதில் 2 (முல்லைத்தீவு வாசகர்):

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படமெடுப்பதைவிட, புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுவதே கடினம். நோவாக்கள் மிகுதியாகத் தோன்றும் நடுப்பகுதி பேரடையின் சொந்த ஒளியால் நிறைந்திருப்பதால், புதுப்புள்ளி அதற்குள் கரைந்துவிடும். நோவா ஐதரசனின் சிவப்பு ஒளியில் நீண்ட நாள் பிரகாசிப்பதால், அந்த ஒளியை மட்டும் விடும் வடிகட்டி பெரிதும் உதவும்.

1923 ஒக்ரோபரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வானியலாளர் எட்வின் ஹபிள் தம் ஒளிப்படத் தட்டில் நோவாவென்று ஒரு புள்ளியைக் குறித்தார். பழைய தட்டுகளோடு ஒப்பிட்டபோது அது ஒழுங்காக ஒளிகூடிக் குறையும் செபீட் மாறுமீன் எனத் தெரிந்தது. அவ்வகை மீனின் ஒளிமாற்றக் காலத்திலிருந்து தொலைவைக் கணிக்கலாம் என்பதால், அந்திரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ளதென்பது அதனால் நிறுவப்பட்டது. எனவே மாணவர்கள் முதலில் தங்கள் கருவியாலேயே தெளிவான ஒப்பீட்டுப் படமொன்றை உருவாக்கட்டும். தை, மாசியில் தொலைகாட்டியின் கண்ணாடியில் பனி படியும்; அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்:

மிக்க நன்றி. சந்தேகத்துக்குரிய புள்ளி கிடைத்தால் அடுத்து என்ன செய்வது?

பதில் 2:

ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எடுங்கள். நகர்ந்திருந்தால் சிறுகோள், கமராவைச் சற்றுத் திருப்பியதும் மறைந்தால் உணரியின் குறை. அசையாமல் நின்றால், முன்பே அறியப்பட்ட மாறுமீனா என்று பட்டியல்களில் தேடுங்கள். பிறகே சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பதிவுத்தளத்தில் ஆள்கூறுகளுடன் அறிவிக்கலாம். நேரத்தை உலகப்பொது நேரத்தில் எழுத வேண்டும். எங்கள் நேரத்தில் 5 மணி 30 நிமிடம் கழியுங்கள். நள்ளிரவுக்குப் பின் எடுத்த படமென்றால் திகதியும் முந்திய நாளாகிவிடும், அதைத் தவறாமல் கவனியுங்கள்.