கோத்தகிரியில் வீட்டுக் கணினிக்கு எந்த டிவி டியூனர் கார்டு வாங்கலாம்?

ஜெராக்ஸ்கடை, கோத்தகிரி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கடையில் கரண்ட் இல்லை, நேரம் இருக்கிறது.

அப்பாவுக்கு 81 வயது. முப்பத்தைந்து வருடம் டீ ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர். பகலில் வரும் இலையை வாடப் போட்டு, நடுராத்திரிக்கு மேல்தான் மெஷினை ஓட்டுவார்கள். வேலையை விட்டு இருபது வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. எட்டு மணிக்குத் தூங்கி மூன்று மணிக்கு எழுந்து, ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் ராசிக்கல்லும் லேகியமும்தான். அவருக்கு வேண்டியது முந்தின நாள் மாலை டிடி தமிழில் வந்த செய்தியும் கச்சேரியும். பொதிகை என்றுதான் இன்னமும் சொல்வார். 2024 ஜனவரியில் பெயர் மாறியதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

யூடியூபில் பார்க்கலாமே என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எங்கள் பக்கம் மழை வந்தால் முதலில் போவது இன்டர்நெட், அப்புறம்தான் கரண்ட்.

கடையிலிருந்து ஓரங்கட்டிய ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், ஒல்லியான கேபினட். அதில் ஒரு டியூனர் கார்டை (டிவி சிக்னலைக் கணினிக்குள் வாங்கித் தரும் அட்டை) செருகி, ஹாலில் டிவியோடு இணைத்து, மாலை நிகழ்ச்சிகளைத் தானாகப் பதிவாகும்படி செய்ய நினைக்கிறேன். என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 2006-ல் கோவையில் வாங்கிய பிசிஐ கார்டு. பீரோவில் கிடக்கிறது, சிப்பில் பிலிப்ஸ் எஸ்ஏஏ7134 என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு, ஆன்லைனில் 900 ரூபாய்க்கு விற்கும் யுஎஸ்பி குச்சி. அட்டையில் டிவிபி-டி என்று போட்டிருக்கிறது. மூன்று, நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சான் டிசம்பரில் வருகிறான், இரட்டை டியூனர் கார்டு ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறான். வீட்டில் இப்போது கேபிள் இணைப்பும் அதன் பாக்ஸும் இருக்கின்றன. பட்ஜெட் பத்தாயிரம். எதை எடுக்கலாம்?

டிஷ்மேஸ்திரி, குன்னூர்

அண்ணா, மூன்றுமே வேண்டாம். கார்டு எது என்பது கடைசிக் கேள்வி. உங்கள் வீட்டுக்கு எந்த சிக்னல் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பீரோவில் இருப்பது அனலாக் கார்டு. 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய ஆன்டெனா வைத்தாலும் அந்தக் கார்டுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. 900 ரூபாய்க் குச்சியில் டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 2 இருக்கிறதா, பாருங்கள். நம் நாட்டு டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு டிவிபி-டி2. 2016-ல் 16 நகரங்களில் ஆரம்பித்தபோது தமிழ்நாட்டில் இடம் பிடித்தது சென்னை. கோத்தகிரியில் டி-யும் உதவாது, டி2-வும் உதவாது. மச்சான் அமெரிக்காவில் வாங்குவது ஏடிஎஸ்சி கார்டாக இருக்கும். அது அந்த ஊர் முறை, இங்கே வெறும் அட்டை.

கேபிள் வயரை நேராகக் கார்டில் செருகலாமே என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். டிஜிட்டல் ஆன பிறகு கேபிள் சேனல்கள் பூட்டி வருகின்றன. சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது. மாதச் சந்தா டிடிஎச்சும் அதே கதைதான்.

மிச்சம் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது, மாதச் சந்தா கிடையாது. சாட்டிலைட் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. நம் மலையில் நின்று பார்த்தால் தென்கிழக்கே, ஏறக்குறைய 66 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். அதனால் எதிர்மலை மறைக்குமோ என்ற பயமே வேண்டாம். பள்ளத்தில் இருக்கிற ஹட்டி (படுகர் ஊர்) வீட்டிலும் மாட்டியிருக்கிறேன், ஜம்மென்று வந்தது. மறைப்பது பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக்தான். மழையில் நனைந்த இலை இந்த சிக்னலைக் குடித்துவிடும்.

ஆகவே கார்டில் டிவிபி-எஸ்2 என்று எழுதியிருக்க வேண்டும், அதுதான் சாட்டிலைட் சிக்னலுக்கான முறை. கம்பெனி எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. வயரைக் குழாய்க்குள் விட்டு இழுங்கள், இல்லாவிட்டால் குரங்கு ஊஞ்சல் ஆடும்.

பழைய சிபியு, கோவை

மேஸ்திரி சொன்னது அத்தனையும் சரி. கணினிப் பக்கம் நான் சேர்க்கிறேன்.

முதலில் கேபினட்டைத் திறந்து பாருங்கள். ஒல்லி கேபினட் என்றால் லோ புரொஃபைல் என்கிற உயரம் குறைந்த கார்டுதான் உள்ளே போகும். பின்பக்கத் தகரப் பட்டை குட்டையாகத் தருகிறார்களா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் வாங்கி, பட்டையை ரம்பத்தால் அறுத்தேன். செருகும் இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஆக இருக்க வேண்டும். அது நிரம்பியிருந்தால் எக்ஸ்16-லும் அதே கார்டு உட்காரும். பழைய பிசிஐ வேறு ஜாதி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டிபிஎஸ் 6902 என்று ஒரு கார்டு உண்டு, இரண்டு எஸ்2 டியூனர். தரமானது. ஆனால் லினக்ஸில் அதன் டிரைவரை மூல நிரலிலிருந்து தனியாக உருவாக்கிப் போட வேண்டும், கர்னல் (லினக்ஸின் அடிப்படைப் பகுதி) அப்டேட் ஆகும்போதெல்லாம் மறுபடி உருவாக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாவிட்டால் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். அப்பாவின் பெட்டிக்கு அது பாவமில்லை.

உங்கள் தேவைக்கு இரண்டு டியூனர் வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். சாட்டிலைட்டிலிருந்து சேனல்களைச் சேர்த்து அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டரை பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து, பதினைந்து சேனல்கள் அதில் உட்கார்ந்து வருகின்றன. ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஒரு பஸ்ஸில்தான் ஏறும், ஆனால் அந்த பஸ்ஸில் இருக்கிற எல்லோரையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். அப்பா பார்ப்பது ஒரே சேனல் என்றால் ஒற்றை டியூனர் தாராளம்.

சாஃப்ட்வேர்: பதிவுக்கு டிவிஹெட்எண்ட், பார்க்க கோடி. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் நெக்ஸ்ட்பிவிஆர். பழைய மீடியா சென்டர் விண்டோஸ் 10-லேயே போய்விட்டது. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நொடிக்கு 3 மெகாபிட் வரும் சாதாரண சேனல் மணிக்கு 1.35 ஜிபி பிடிக்கும். 1 டிபி டிஸ்க்கில் எழுநூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும்.

ஒரே எச்சரிக்கை: ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-4 (புதிய வகை வீடியோ சுருக்க முறை) சேனல்கள் சில, ஐகேஸ் என்ற பூட்டுடன் வருகின்றன. கார்டுக்குக் காசு கொடுக்கும் முன் யாரிடமாவது பூட்டில்லாத சேனல்களை மட்டும் காட்டும் ஒரு சாதாரண ஃப்ரீ டு ஏர் பாக்ஸைக் கடன் வாங்கி, டிஷ்ஷில் மாட்டி, நமக்கு வேண்டிய சேனல் திறந்து வருகிறதா என்று பாருங்கள். அதில் வந்தால் கார்டிலும் வரும்.

சும்மாவந்தவன், ஊட்டி

ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிற ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களிலேயே பென்டிரைவ் செருகிப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. இதற்கு ஒரு கணினி, ஒரு கார்டு, ஒரு லினக்ஸ்! ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லையா சார்?

ஜெராக்ஸ்கடை, கோத்தகிரி

சார், நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை என்பதும் உண்மை.

கடன் வாங்கிய பாக்ஸில் அதையும் செய்து பார்த்தேன். பென்டிரைவில் பதிவாகிறது. ஆனால் சாயங்காலம் ஒரு முறை கரண்ட் போய் வந்தால் அந்தப் பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் போய்ப் படுத்துக்கொள்கிறது, டைமரை மறந்துவிடுகிறது. இங்கே சாயங்காலம் கரண்ட் போகாத நாளை விரல் விட்டு எண்ணலாம். கணினியில் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) ஒரு இடத்தை மாற்றினால், கரண்ட் வந்ததும் தானாக எழுந்து உட்கார்கிறது. அப்புறம், பாக்ஸில் பதிவான ஃபைலுக்கு அது வைக்கும் பெயர் வெறும் எண்கள். மூன்று மணி இருட்டில் கண்ணாடி போடாமல் அப்பா அதைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

டிடி தமிழ் திறந்துதான் வருகிறது, பார்த்துவிட்டேன். ஒற்றை டியூனர் எஸ்2 கார்டு ஆர்டர் போட்டாயிற்று.

தூண்பாறை, கொடைக்கானல்

தாமதமாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் டிவி டவர் தலைக்கு மேலேயே நின்றது. ஒரு காலத்தில் மதுரை, தேனிப் பக்கமெல்லாம் ஆன்டெனாவை எங்கள் மலையைப் பார்த்துத்தான் திருப்பி வைத்திருந்தார்கள். இன்று நானும் தென்கிழக்கே டிஷ்ஷைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டு உணர்ந்த இரண்டு விஷயம். பின்னால் இரண்டாவது டியூனர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே இரட்டை வாய் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற, சிக்னல் வாங்கும் தலை) போட்டு இரண்டு வயர் இழுத்துவிடுங்கள். ஒரு வயரை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்தால் சரிப்படாது. டியூனர்தான் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி எல்என்பிக்கு எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு டியூனர் ஒரே வயரில் இரண்டு விதமாகச் சொன்னால் அது பாவம் யார் பேச்சைக் கேட்கும்?

இன்னொன்று ஐப்பசி இடி. டிஷ் கம்பியை எர்த் செய்யுங்கள். இடி நெருங்கினால் கார்டிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். நான் போன வருடம் சோம்பல்பட்டு ஒரு கார்டையும் மதர்போர்டையும் சேர்த்துத் தொலைத்தேன். பனி நம் ஊரில் கனெக்டருக்குள் புகுந்து துருவாக்கும். வெளியே உள்ள கனெக்டரை ரப்பர் டேப்பால் சுற்றுங்கள், வீட்டுக்குள் வயர் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஜெராக்ஸ்கடை, கோத்தகிரி

ஒரு மாதம் ஓடிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டிஷ்ஷை முதலில் முற்றத்தில் வைத்தேன். மேஸ்திரி சொன்ன அதே சில்வர் ஓக். காலையில் படம் வந்தது, மத்தியானம் தூறல் போட்டதும் கட்டம் கட்டமாக உடைந்தது. மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது, வெட்டச் சொல்ல முடியாது. தண்ணீர் டேங்க் மேடைக்கு டிஷ்ஷை ஏற்றினேன், சரியாகிவிட்டது. கனமழையில் இப்போதும் பத்துப் பதினைந்து நிமிடம் போகிறது. அதை ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறது.

டிவிஹெட்எண்டில் ஒரு பாடம் கற்றேன். நிகழ்ச்சிக்கு முன் 2 நிமிடம், பின் 10 நிமிடம் கூட்டிப் பதிவு செய்யச் சொல்லி வையுங்கள். முதல் வாரம் ஒரு கச்சேரி மங்களத்துக்கு முன்னாலேயே நின்றுபோய், அப்பா என்னை மூன்றரை மணிக்கு எழுப்பினார்.

ரிமோட்டில் நான்கு பட்டனை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிட்டேன். மேலே, கீழே, ஓகே, திரும்பிப் போ. டேப்பை உரித்து மற்ற பட்டன்களையும் அழுத்திப் பார்த்திருக்கிறார் என்பது போன திங்கட்கிழமை தெரிந்தது. திரையில் எழுத்தெல்லாம் ஜெர்மன் மொழியில் இருந்தது.

மச்சானிடம் கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த 2006 பிசிஐ கார்டு யாருக்காவது வேண்டுமா? பழைய விசிஆர் கேசட்டைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு அதன் ஏவி இன்புட் உதவும். கொரியர் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.