தமிழ்ப் பெயர் சேர்த்தால் ரியாலக்கில் நிரல் நின்றுவிடுகிறது, அவசர உதவி வேண்டும்

பலகைக்காரன், இரவு 10.12
வணக்கம். பேருந்து நிறுத்தப் பெயர்களை ஒரு கோப்பிலிருந்து வரிவரியாகப் படித்து, காற்புள்ளி இட்டு ஒரே சரமாக ஒட்டி, மின்னணுப் பலகைக்கு அனுப்ப வேண்டும். மொழி சி. ஆங்கிலக் கோப்பு நன்றாக ஓடுகிறது. தமிழ்க் கோப்பைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று மணி நேரமாகப் பார்க்கிறேன். நாளைக் காலை 10 மணிக்கு அம்பத்தூரில் வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்ட வேண்டும். நினைவகத்தில் வாங்கிய இடத்தைப் பெரிதாக்கும் ரியாலக் செயற்கூறு தமிழை ஏற்காதா?

கூவக்கரை, 10.19
எந்த இயங்குதளம்? எந்தக் கம்பைலர்? நிற்கும்போது என்ன செய்தி வருகிறது? நிரலையும் காணோமே.

எழுத்தாணி, 10.21
இது குறியாக்கச் சிக்கல்தான். கோப்பு யூனிகோடின் யூடிஎஃப் 8 வடிவில் இருக்கிறதா, பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் இருக்கிறதா? கோப்பின் தலையில் மறைவாக மூன்று பைட் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கிப் பாருங்கள். எனக்கு இதே தொல்லை வந்திருக்கிறது.

பழைய சுட்டி, 10.26
தம்பி, சி மொழியில் சரம் என்று ஒரு பொருளே கிடையாது. அடுத்தடுத்துக் கிடக்கும் பைட்டுகளும் கடைசியில் ஒரு சுழியமும், அவ்வளவுதான். அந்த அடிப்படை தெரியாமல் வாடிக்கையாளருக்கு நிரல் எழுதக் கிளம்பினால் இரவு பத்து மணிக்கு இப்படித்தான் திண்டாட வேண்டியிருக்கும். ரியாலக்குக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

பலகைக்காரன், 10.34
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லினக்ஸின் உபுண்டு, ஜிசிசி கம்பைலர், 64 பிட். நிரல் அலுவலகக் கணினியில் இருக்கிறது, வீட்டிலிருந்து கைப்பேசியில் எழுதுகிறேன். அதனால் வார்த்தையில் சொல்கிறேன். முதலில் ஒரு பைட் வாங்கி வெற்றுச் சரம் வைக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும், இருக்கும் சரத்தின் நீளம், புதிய பெயரின் நீளம், கூடுதலாக 1, மூன்றையும் கூட்டி ரியாலக். பிறகு சரத்தின் முடிவில் ஒட்டும் ஸ்ட்ர்கேட்டால் பெயர், அதன் பின் இன்னொரு ஸ்ட்ர்கேட்டால் காற்புள்ளி. செய்தி ‘ரியாலக்: இன்வேலிட் நெக்ஸ்ட் சைஸ்’, அதாவது அடுத்த துண்டின் அளவு செல்லாது என்று. கோப்பு யூடிஎஃப் 8தான், மறை பைட் இல்லை. வரி முடிவுக் குறியையும் நீக்கிவிடுகிறேன்.

கூவக்கரை, 10.37
கோப்பில் முதல் நான்கு பெயர்கள் என்ன, எந்த வரிசையில்?

பலகைக்காரன், 10.38
கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை.

எழுத்தாணி, 10.41
தமிழில் மட்டும் நிற்கிறது என்றால் காரணமும் தமிழில்தானே இருக்க வேண்டும்? சரத்தின் நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. ‘சென்னை’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது ஆறு குறிகள், யூடிஎஃப் 8இல் 18 பைட்டுகள். நீளக் கணக்கு தவறுவது அங்கேதான்.

கூவக்கரை, 10.55
எழுத்தாணி, நீங்கள் சொல்லும் 18 சரி. ஆனால் ரியாலக்குக்கு வேண்டியதும் பைட் கணக்குத்தான், ஆகவே ஸ்ட்ர்லென் சரியாகவே சொல்கிறது. பிழை அந்த 1இல் இருக்கிறது. பலகைக்காரன், அதை எதற்காகச் சேர்த்தீர்கள்?

பலகைக்காரன், 10.57
இறுதிச் சுழியத்துக்கு. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

கூவக்கரை, 11.14
அந்த இடத்தைக் காற்புள்ளி பிடித்துக்கொள்கிறது. சுழியத்துக்கு வீடு இல்லை, அது வேலி தாண்டிப் போய் விழுகிறது. 2 சேர்க்க வேண்டும்.

தமிழில் மட்டும் ஏன் என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 64 பிட் லினக்ஸில் நினைவக இடம் தரும் ஜிலிப்சி நூலகம் நீங்கள் கேட்ட அளவை அளந்து தருவதில்லை. குறைந்தது 24 பைட், அதற்கு மேல் 40, 56, 72 என்று பதினாறு பதினாறாக ஏற்றித் தருகிறது. அதனால் ஒரு பைட் மீறினாலும் பெரும்பாலும் அந்த உபரி இடத்தில் விழுந்து, யாருக்கும் தெரியாமல் போகிறது. ஆங்கிலத்தில் உங்கள் நான்கு நிறுத்தங்கள் காற்புள்ளியோடு 7, 16, 25, 35. எதுவும் 24ஐயோ 40ஐயோ தொடவில்லை. தமிழில் கிண்டி 18, காற்புள்ளியோடு 19. சைதாப்பேட்டை 36, அதன் காற்புள்ளியோடு மொத்தம் 56. சரியாக 56! உபரியே இல்லை. 57ஆவது பைட்டில் போய் விழும் சுழியம், பக்கத்துத் துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தை அழிக்கிறது. அந்தக் குறிப்பை அடுத்து எப்போது படிக்க நேர்கிறதோ அப்போதுதான் நிரல் நிற்கும். தவறு செய்த வரி ஒன்று, விழும் வரி வேறு.

காலையில் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் ஜிசிசியின் அட்ரஸ் சானிடைசரைப் போட்டுத் தொகுத்து ஓட்டுங்கள். என் கணக்கு சரியா என்று அதுவே சொல்லிவிடும்.

எழுத்தாணி, 11.20
ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஆறு குறிகளில் எழுத வைத்தது யூனிகோடின் பிழைதான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம். சென்னை மூன்றே குறிகள். அதைப் பயன்படுத்தியிருந்தால் நம் நிரலாளர்கள் பாதித் துன்பம் இல்லாமல் இருந்திருப்பார்கள்.

மயிலைமாடம், 11.27
டேஸ் 16 இருப்பது யூனிகோடு அவரவர் விருப்பத்துக்கு விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில். அதற்குரிய எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அதையும் யூடிஎஃப் 8இல் எழுதினால் குறிக்கு மூன்று பைட், சென்னை 9 பைட். காற்புள்ளிக்கு வைக்காத இடம் அப்போதும் வைக்காத இடம்தான்.

எழுத்தாணி, 11.33
பாதி அளவு மிச்சம் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எழுத்தை எண்ணவும், பிரிக்கவும், அகரவரிசைப்படுத்தவும் எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

மயிலைமாடம், 11.40
தேடுபொறியும் கைப்பேசியும் படிக்காத குறியில் எளிமை இருந்து யாருக்கு என்ன பயன்? இதைத் தனி இழையில் பேசலாம், அவருக்குக் காலையில் வேலை இருக்கிறது.

பழைய சுட்டி, 11.52
கூவக்கரையின் கணக்கு சரி. தம்பி, இன்னொன்று கேட்கிறேன். பலகையில் முதல் நிறுத்தத்தை மட்டும் ஒளிரவிட, சரத்தின் தொடக்க முகவரியை எங்காவது தனியே எடுத்து வைத்திருக்கிறீர்களா? ரியாலக் இடம் போதாவிட்டால் சரத்தையே வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லும். பழைய முகவரி அப்போது காலி செய்த வீடு. முகவரியை வைத்துக்கொள்ளாதீர்கள், எத்தனையாவது பைட் என்கிற எண்ணை வையுங்கள். ரியாலக் தரும் முகவரியை, பழைய முகவரி இருக்கும் சுட்டியிலேயே நேரே போட்டுக்கொள்ளாதீர்கள். அது தோற்று ‘நல்’ என்ற வெற்று முகவரியைத் திருப்பினால் கையில் இருந்த சரமும் தொலைந்துபோகும். தற்காலிகச் சுட்டியில் வாங்கி, சோதித்துவிட்டு மாற்றுங்கள்.

நீளத்தையும் கொள்ளளவையும் ஒரு கட்டமைப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளவும் பழகுங்கள். ஸ்ட்ர்கேட் ஒவ்வொரு முறையும் முதல் பைட்டிலிருந்து நடந்து வந்துதான் முடிவைக் கண்டுபிடிக்கிறது. 30 பைட் வீதம் 1,000 பெயர் என்றால், பெயரை ஒட்டும் ஸ்ட்ர்கேட்டுக்கு மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பைட் நடை. நீளம் கையில் இருந்தால் அந்த நடையே வேண்டாம். 64 பைட்டில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால் அந்த 1,000 பெயருக்கும் ஒன்பது ரியாலக் போதும்.

கடிந்து பேசியது உங்கள் மேல் வெறுப்பில் இல்லை. இதே பிழையில் நான் ஒரு வாரம் இழந்திருக்கிறேன்.

பலகைக்காரன், மறுநாள் காலை 9.21
2 சேர்த்தேன், 61 நிறுத்தங்களும் வந்துவிட்டன. சானிடைசர் கிண்டியிலேயே பிடித்துவிட்டது, 19 பைட் பகுதிக்கு அடுத்த பைட்டில் எழுதுகிறேனாம். நன்றி அண்ணா. கிளம்புகிறேன்.

பழைய சுட்டி, 9.30
திருத்திய பிறகு சானிடைசரை மறுபடி ஓட்டினீர்களா? அது முதல் பிழையைக் கண்டதும் நிரலை நிறுத்திவிடும், இரண்டாவது இருந்தாலும் சொல்லியிருக்காது. முதல் நிறுத்தத்து முகவரியை மாற்றினீர்களா?

கூவக்கரை, மாலை 6.05
இயக்கிக் காட்டியது எப்படிப் போயிற்று?