கப்பில் கோடு தெரியவில்லை

காவேரிப்பட்டணத்திலிருந்து:

பைலட் பயிற்சிக்கு வடக்கே போயிருந்தபோது நடந்தது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன், மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் "இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடுவேன். இங்கேதான் முழுசாக எழுதுகிறேன்.

ராத்திரியெல்லாம் மழை. எங்கள் பயிற்சி விமானம் செஸ்னா 152 வெளியில்தான் நின்றது. அதில் இறக்கைக்குள் டேங்க், இறக்கை மேலேயே மூடி. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைத்தண்ணி நேராக உள்ளேதான். தண்ணி பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். அதற்காகவே கிளம்புமுன் டேங்க் அடியில் இருக்கும் வால்வை அழுத்தி, சின்ன பிளாஸ்டிக் கப்பில் பிடித்துப் பார்ப்போம். தண்ணி கலந்திருந்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நடுவில் கோடு தெரியும்.

நான் பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன். கோடு இல்லை. இந்த விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோல் அவ்காஸ் 100எல்எல், அதற்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். கப்பைத் தூக்கிப் பார்த்தேன், லேசான நீலம். சரி என்று ஏறிவிட்டேன்.

கப்பு முழுக்கவே தண்ணி. பிறகு கோடு எங்கே தெரியும்? மழை விட்டு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் பார்த்த நீலம் அந்த வானத்துடையது.

குழாயிலும் கார்பரேட்டரிலும் இருந்த நல்ல பெட்ரோலில் ஓடி மேலேயும் ஏறிவிட்டது. மூக்கைத் தூக்கியதும் அடியில் கிடந்த தண்ணி குழாய்ப் பக்கம் சரிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். 400 அடியில் இன்ஜின் இரண்டு இருமல் இருமியது, அவ்வளவுதான். இன்ஸ்ட்ரக்டர் கண்ட்ரோலை வாங்கிக்கொண்டார். என் கை தானாக ரன்வே பக்கம் திருப்பப் பார்த்தது, தட்டிவிட்டார். அந்த உயரத்தில் திரும்பப் போய் ஸ்டாலாகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விழுந்தவர்கள் ஏராளம். மூக்கை இறக்கி வேகத்தை 60 நாட் (knot) அளவில் வைத்து, எதிரே இருந்த சோயா வயலில் விட்டார். முன் சக்கரம் சேற்றில் புதைந்து முறிந்தது, புரொப்பெல்லர் வளைந்தது. எனக்கு நெற்றியில் நாலு தையல். எல்லாம் அடங்கிய பிறகு கேட்டது, எங்கோ டேங்க் சொட்டுகிற சத்தம் மட்டும். குதித்து ஓடினோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு போன் பண்ணினேன். கிணற்றுக்கு டீசல் இன்ஜின் வைத்திருந்த காலத்தில், கேன் டீசலை பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைத்து, டீ குடித்துவிட்டு வந்துதான் இன்ஜினுக்கு ஊற்றுவார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏன்டா, மோந்து பாக்கலியா?" என்றார்.

பார்க்கவில்லை.

தருமபுரியிலிருந்து:

நமக்கு பைக்தான் விமானம். மழைக்காலத்தில் தொப்பூர் கணவாயில், லாரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் பாட்டிலில் பிடித்துக் காட்டினார், அடியில் தனியாக ஒரு அடுக்கு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதல்லவா, அது தண்ணியை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். தள்ளிக்கொண்டே இறங்கினேன். உங்கள் கதையைப் படித்த பிறகு புலம்பக் கூச்சமாக இருக்கிறது.

ஓசூரிலிருந்து:

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். கப்பை வானத்துக்கு நேராகப் பிடிக்கவே கூடாது தம்பி, பின்னால் வெள்ளையாக ஏதாவது வேண்டும். தண்ணியாவது கோடு காட்டும். அவ்காஸில் ஜெட் எரிபொருள் கலந்தால் அதுவும் கிடையாது. ஒரு சொட்டு தாளில் விட்டுப் பாருங்கள், அவ்காஸ் ஆவியாகிவிடும், ஜெட் எண்ணெய்க்கறை விடும். அமெரிக்க சாகச விமானி பாப் ஹூவரின், அவ்காஸில் ஓடும் பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கே 1978-ல் ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார்கள். இன்ஜின்கள் நின்று பள்ளத்தாக்கில் இறக்கினார், பிழைத்தார். நிரப்பிய பையனைத் திட்டவில்லை, மறுநாள் தன் விமானத்துக்கு நீதான் நிரப்ப வேண்டும் என்றார். ஜெட் பம்பின் வாயை அகலமாக்கி, அவ்காஸ் டேங்கில் நுழையாதபடி செய்தது அதற்கப்புறம்தான்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

வெள்ளைப் பின்னணி பாடத்திலேயே இருந்தது அண்ணா, அன்றைக்கு அவசரம். அந்தக் கப்பு சட்டைப்பையிலேயே ஊருக்கு வந்துவிட்டது. அப்பா இப்போது அதில் மாமரத்துக்கு மருந்து அளக்கிறார்.