கோகல் பிறந்த ஊருக்கு எந்த முகவரி போடுவது? (உக்ரைன் பற்றித் தெரிந்தவர்கள் வரவும்)

குத்தாலம் வாசகன்

எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். அடுத்த கூட்டம் எழுத்தாளர் கோகல் பற்றி. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு அட்டை எழுதி சுவரில் ஒட்டுவது வழக்கம், அதில் பிறந்த ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் தலைவர் விடமாட்டார். அவர் பழைய தலைமையாசிரியர்.

பிறந்த ஊர் சொரோச்சின்ட்சி என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. இன்னொன்றில் வெலிகி சொரோச்சின்ட்சி. மூன்றாவது ஒன்றைப் பார்த்தால் வசிலிவ்கா என்று போட்டு, அதுதான் அவருடைய ஊர் என்கிறது. சரி, ஊரைத்தான் விடுங்கள், அதற்கு மேலே எழுதியிருப்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரஷ்யப் பேரரசு, பொல்தாவா மாகாணம் என்கிறார்கள். பொல்தாவா ஓப்லஸ்த், மிர்ஹொரோத் ராயோன் என்கிறார்கள். இப்போது புதிதாக ஏதோ ஹ்ரோமாதா என்றும் வருகிறது. இதில் எது சரி? அந்த ஊரில் கோகல் தவிர வேறு யாராவது பிறந்திருக்கிறார்களா, அதையும் சொன்னால் அட்டை கொஞ்சம் நிறைவாக இருக்கும்.

பழைய கிராமக் கணக்கு

வருவாய்த் துறையில் காலத்தை ஓட்டியவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீங்கள் சொன்ன மூன்றும் சரிதான், காலம்தான் வேறு வேறு. உங்கள் குத்தாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம், 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை. ஊர் எங்கேயும் நகரவில்லை, பத்திரத்தில் மட்டும் மூன்று மாவட்டம். உங்கள் தாத்தா பிறந்த மாவட்டம் எது என்று ஒரு பையன் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதேதான் இங்கேயும்.

உக்ரைனில் மேலிருந்து கீழே வந்தால் முதலில் ஓப்லஸ்த், நாட்டின் முதல்நிலைப் பிரிவு. 24 ஓப்லஸ்த், கிரிமியா தன்னாட்சிக் குடியரசு, கீவ், செவஸ்தோபோல் என்ற இரண்டு தனி நகரங்கள். ஓப்லஸ்துக்குக் கீழே ராயோன், கிட்டத்தட்ட நம் வட்டம் மாதிரி, ஆனால் இப்போது அளவில் பெரியது. அதற்கும் கீழே ஹ்ரோமாதா. இதை நம் ஊராட்சி ஒன்றியத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் முழுக்கப் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

2020 ஜூலை 17 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் 490 ராயோன்களைச் சுருக்கி 136 ஆக்கியது. பொல்தாவா ஓப்லஸ்தில் மட்டும் 25 இருந்தது 4 ஆயிற்று: பொல்தாவா, கிரெமென்சூக், லுப்னி, மிர்ஹொரோத். நாம் 2020-ல் ஒரு மாவட்டத்தைப் பிரித்துக் கொண்டிருந்தோம், அதே வருடம் அவர்கள் சேர்த்துக் கொண்டிருந்தார்கள். இங்கே கும்பகோணத்தைத் தனி மாவட்டம் ஆக்கு என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே மட்டும் எப்படி எடுபட்டது என்றால், பணத்தை முன்பே கீழே இறக்கிவிட்டார்கள். 2015-ல் கிராமங்கள் தாமாக முன்வந்து ஒன்றுசேர ஒரு சட்டம் வந்தது. அப்படிச் சேர்ந்த ஹ்ரோமாதாவுக்கு அங்கே வசூலாகும் வருமான வரியில் 60 சதவீதம் அப்போது கையிலேயே நின்றது. பள்ளிக்கூடம், பாலர் பள்ளி, ஆரம்ப மருத்துவம் எல்லாம் அதன் பொறுப்பு. ராயோனுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான், அதனால் ராயோன் தலைநகர் பட்டம் போனதைப் பற்றி அங்கே பலர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நம் ஊராட்சித் தலைவர் ஒரு தெருவிளக்கு போட ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்கிறார் என்று எனக்குத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஹ்ரோமாதா தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓப்லஸ்தின் நிர்வாகத் தலைவரை ஜனாதிபதி நியமிக்கிறார், நம் கலெக்டர் மேலிருந்து வருவது போல. ஹ்ரோமாதாவின் தலைமை ஊர் அல்லாத கிராமங்களுக்கு ஸ்தாரோஸ்தா என்று ஒருவர் இருப்பார், ஊர்க்காரர்களின் சான்றிதழ், மனு, குறை எல்லாவற்றுக்கும் முதல் வாசல் அவர்தான்.

நீங்கள் கேட்ட ஊர் அந்த வகையில் கொடுத்து வைத்தது. வெலிகி சொரோச்சின்ட்சியே ஒரு ஹ்ரோமாதாவின் தலைமை ஊர். ராயோன் முன்பும் மிர்ஹொரோத், இப்போதும் மிர்ஹொரோத், பெயர் மாறவில்லை, ஆனால் 2020-க்குப் பிறகு பக்கத்து ராயோன்களும் அதற்குள் வந்துவிட்டன. பழைய மிர்ஹொரோத் வரைபடத்தையும் புதியதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை

அய்யா மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியின் பாதி வசிலிவ்கா பற்றியது, அதை யாரும் தொடவில்லை.

கோகலின் அப்பா வசிலி கோகல்-யனோவ்ஸ்கி, சிறு நிலக்கிழார், உக்ரைனிய மொழியில் நகைச்சுவை நாடகம் எழுதியவர். குடும்பத்தின் சொந்த ஊர் வசிலிவ்கா. அம்மா மரியாவுக்கு முதலில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இந்தப் பிரசவத்துக்கு, அந்தப் பக்கத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்திருந்த த்ரோஹிமோவ்ஸ்கி என்ற மருத்துவரிடம் சொரோச்சின்ட்சிக்கு வந்தார். அந்த மருத்துவர் வீட்டில்தான் 1809 ஏப்ரல் 1-ம் தேதி (பழைய நாட்காட்டியில் மார்ச் 20) பிள்ளை பிறந்தது. திகான்கா என்ற ஊரின் கோயிலில் இருந்த புனித நிக்கோலாஸ் படத்துக்கு அம்மா வேண்டிக்கொண்டதால் நிக்கோலாய் என்று பெயர். ஞானஸ்நானம் சொரோச்சின்ட்சி கோயிலிலேயே நடந்தது. கொஞ்ச நாளில் வசிலிவ்காவுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள், வளர்ந்தது முழுக்க அங்கேதான்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உ.வே.சா. பிறந்தது அம்மா ஊரான சூரியமூலையில், ஆனால் பெயருக்கு முன்னால் நிற்பது உத்தமதானபுரம். ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், கும்பகோணத்துக்காரர் அவரை விட்டுக்கொடுப்பாரா? அட்டையில் "பிறந்தது சொரோச்சின்ட்சி, சொந்த ஊர் வசிலிவ்கா" என்று இரண்டையும் போடுங்கள். வசிலிவ்காவுக்கு இப்போது அவர் நினைவாக ஹொஹொலெவெ என்று பெயர், அதுவும் இன்றைய மிர்ஹொரோத் ராயோனிலேயே வந்துவிடுகிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். அவர் பீட்டர்ஸ்பர்க் போய் வேலை தேடிக்கொண்டிருந்த 1829-ல் அம்மாவுக்குக் கடிதம் எழுதி, நம் ஊரில் கோயில் ஊழியர் என்ன உடை போடுவார், கல்யாணத்தில் என்னென்ன செய்வார்கள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி அனுப்பு என்று கேட்டார். அதிலிருந்துதான் 1831, 1832-ல் வந்த திகான்கா கதைகள். சொரோச்சின்ட்சி சந்தையும் அதில் ஒரு கதை. சாத்தான் தன் சிவப்பு அங்கியின் துண்டுகளைத் தேடி சந்தைக்கு வருவதாக ஒரு பேச்சு ஊருக்குள் கிளம்ப, அதை வைத்துக்கொண்டு ஒரு பையன் தன் கல்யாணத்தை முடித்துக்கொள்கிறான். கூட்டத்தில் யாராவது அதைப் படித்துக் காட்டட்டும், அட்டையை விட அது நிற்கும்.

பொல்தாவா டாக்டர்

நான் பொல்தாவாவில் எம்.பி.பி.எஸ். படித்தேன், சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். (2022 மார்ச்சில் போரில் சுமி நகரில் மாட்டிக்கொண்ட நம் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி முதலில் பொல்தாவாவுக்குத்தான் கொண்டு வந்தார்கள், அங்கிருந்து ரயிலில் மேற்கே அனுப்பினார்கள். அப்போது நான் படிப்பை முடித்து ஊர் திரும்பியிருந்தேன், ஆனால் டி.வி.யில் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டபோதெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.)

சந்தை நிஜமாகவே உண்டு. நான் இருந்தபோது ஆகஸ்டில் நடந்தது, ஹாஸ்டலில் இருந்து கும்பலாகப் போனோம். கோகல் கதை மாந்தர் வேடம் போட்டு ஆட்கள் சுற்றுவார்கள், அதைவிட எனக்குப் பிடித்தது பொருள்கள்தான். ஓப்பிஷ்னியா என்ற ஊர்க் குயவர்கள் கொண்டு வரும் மண்பாண்டம், மஞ்சளும் பழுப்பும் பச்சையுமாகப் பூ வரைந்தது, கூடவே ஆடு, குதிரை வடிவத்தில் மண் ஊதல். ரெஷெத்திலிவ்கா எம்பிராய்டரி என்று ஒன்று, வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், தள்ளி நின்றால் வெறும் துணி, வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் பூ தெரியும். விலை கேட்டுவிட்டு ஊதல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊர் ப்ஸெல் ஆற்றங்கரையில் இருக்கிறது, அது நீப்பர் நதியில் போய்ச் சேரும். மண் கன்னங்கரேல் என்று இருக்கும், நம் களிமண் போல ஒட்டாது. பக்கத்து ரயில் நிலையம் மிர்ஹொரோத், கீவ் போகிற தடம். மிர்ஹொரோதில் இறங்கினால் மினரல் வாட்டர் குடிக்கச் சொல்வார்கள், ஊரே அதற்குப் பேர் போனது. எனக்குப் பிடிக்கவில்லை, உப்பு.

கோகல் அருங்காட்சியகம் பார்க்கலாம், ஆனால் மருத்துவரின் அசல் வீடு போரில் 1943-ல் அழிந்துவிட்டது. இப்போது இருப்பது பிறகு கட்டியது.

கடைமடை

எல்லோரும் கோகல் கோகல் என்கிறீர்கள். அவர் அந்த ஊரில் பிறந்து கிளம்பிப் போனவர். ஊரின் உண்மையான ஆள் தனிலோ அப்போஸ்தோல். 1654-ல் அங்கேயே பிறந்தார், பல பத்தாண்டுகள் மிர்ஹொரோத் படைப்பிரிவின் கர்னலாக இருந்தார், 1727-ல் கோசாக்குகள் என்ற உக்ரைனியப் போர்வீரர்களின் ஹெத்மான், அதாவது தலைவர், ஆனார், 1734-ல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். ஒரு கண் இல்லாதவர். அந்த ஊரில் கோகலுக்கு ஞானஸ்நானம் நடந்த கோயிலைக் கட்டுவித்ததும் அவர்தான், 1732-ல். உக்ரைனிய பரோக் என்ற அலங்காரம் மிகுந்த கட்டடப் பாணி, உள்ளே மரத்தில் செதுக்கிய, புனிதர் படங்கள் தாங்கிய பெரிய படத்திரை. அந்தக் காலத்தில் நிர்வாகமே படைதான்: மிர்ஹொரோத் படைப்பிரிவு என்பது மாவட்டம் மாதிரி, அதன் கீழ் ஒரு நூற்றுவர் பிரிவு சொரோச்சின்ட்சி. ஆக குத்தாலம் அண்ணனுக்கு நான்காவது முகவரி ஒன்றும் கிடைத்துவிட்டது.

கவிஞர் வொலொதிமிர் சமிய்லென்கோவும் (1864) அங்கே பிறந்தவர். நையாண்டிக் கவிதை எழுதினார், இத்தாலியக் கவிஞர் தாந்தேயையும் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரையும் உக்ரைனிய மொழியில் தந்தார். கோகலுக்கு எதிரே அவரை வைத்துப் பார்க்கலாம்: ஒரே ஊரில் பிறந்தவர்கள், ஒருவர் ரஷ்ய மொழியில், ஒருவர் உக்ரைனிய மொழியில்.

இதெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது 1905 டிசம்பர். ஊர்க் குடியானவர்கள் கூட்டம் போட்டார்கள், அவர்களின் தலைவர் ஒருவரை அரசாங்கம் பிடித்துக்கொண்டு போக, பதிலுக்கு இவர்கள் போலீஸ் அதிகாரியைப் பிடித்து வைத்தார்கள். கோசாக் படை வந்து சுட்டது. பிறகு ஃபிலோனோவ் என்ற அதிகாரி வந்து ஊர்க்காரர்களைத் தொப்பி இல்லாமல் பனியில் மணிக்கணக்காக மண்டியிட வைத்தார். பொல்தாவாவில் இருந்த எழுத்தாளர் கொரொலென்கோ 1906 ஜனவரியில் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, நீதிமன்றத்துக்கு வா என்று கேட்டார். அடுத்த சில நாளில் ஃபிலோனோவை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள், பழி கொரொலென்கோ தலையில் விழுந்தது, கடிதம்தான் தூண்டியது என்று. கீழத் தஞ்சையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த ஊரைக் கதையாக மட்டும் பார்க்க முடியவில்லை. குடியானவனை மண்டியிட வைத்த கதை எங்கே கேட்டாலும் காது தானாகத் திரும்புகிறது.

குத்தாலம் வாசகன்

எல்லோருக்கும் நன்றி. அட்டைக்குக் கேட்டால் நீங்கள் நோட்டுப் புத்தகமே கொடுத்துவிட்டீர்கள். இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "பிறப்பு: 1809, சொரோச்சின்ட்சி (அன்று ரஷ்யப் பேரரசு, பொல்தாவா மாகாணம், இன்று உக்ரைன், பொல்தாவா ஓப்லஸ்த், மிர்ஹொரோத் ராயோன், வெலிகி சொரோச்சின்ட்சி ஹ்ரோமாதா). சொந்த ஊர்: வசிலிவ்கா."

தலைவர் பார்த்துவிட்டு, ரஷ்ய எழுத்தாளர் என்று ஏன் போடவில்லை என்று கேட்கிறார். என்ன சொல்வது?

வெண்ணாற்றங்கரை

உக்ரைனில் பிறந்தார், ரஷ்ய மொழியில் எழுதினார். இந்த இரண்டு வரியும் மறுக்க முடியாதவை, அதை அப்படியே போடுங்கள். அதற்கு மேல் எந்தப் பட்டம் போட்டாலும் கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும், கதையை யாரும் படிக்க மாட்டார்கள்.

கடைமடை

அப்போஸ்தோலை மறந்துவிடாதீர்கள். கோயில் படம் ஒன்று கிடைத்தால் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பழைய கிராமக் கணக்கு

படம் ஒட்டுவதற்கு முன் தலைவரிடம் ஒன்று சொல்லுங்கள்: வட்டம், மாவட்டம் என்று தலைப்புப் போட்டுவிட்டு அதற்கு நேரே ராயோன், ஓப்லஸ்த் என்று எழுத வேண்டாம், பையன்கள் அதையே மனப்பாடம் செய்துவிடுவார்கள். நேராக அந்தப் பெயர்களையே போட்டு, 2020-க்குப் பின் உள்ள எல்லைப்படி என்று அடைப்பில் குறித்தால் போதும்.