புளிக்காய்ச்சல் பவுச்சில் எண்ணெய்க் கசிவு

கும்பகோணத்தில் வீட்டிலேயே புளிக்காய்ச்சல் போட்டு விற்கிறோம். ஐப்பசியில் பாட்டிலை விட்டு 200 கிராம் நிற்கும் பவுச்சுக்கு மாறினோம். வெளியே பெட் (PET) என்ற பாலியெஸ்டர் படலம், உள்ளே சூட்டில் உருகி ஒட்டும் எல்எல்டிபிஇ (LLDPE) என்ற பாலித்தீன் படலம், மொத்தத் தடிமன் 90 மைக்ரான். பத்தே நாளில் மேல் சீலில் நல்லெண்ணெய் ஊசிமுனை அளவு கசிந்து அட்டைப்பெட்டியே ஊறிப்போகிறது. அடிமடிப்பில் கசிவே இல்லை.

பவுச் வாயைச் சூட்டில் ஒட்டும் பேண்ட் சீலர் இயந்திரத்தில் சூட்டை 150லிருந்து 180 டிகிரி வரை ஏற்றினேன், ஓரம் சுருங்கியதுதான் மிச்சம். நீள மூக்குப் புனல் வைத்தேன், வாயைத் துடைத்தேன், நன்றாக ஆறவைத்தும் நிரப்பினேன், கசிவு குறைந்தது, நிற்கவில்லை. கசிந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் சீலுக்குள் ஒரு கடுகு, அதைச் சுற்றி எண்ணெய்க் கோடு, அங்கே மட்டும் படலம் ஒட்டவே இல்லை. எண்ணெயைக் குறைக்க முடியாது, அம்மாவின் பக்குவமே அதில்தான்.

எண்ணெய் பட்டாலும் ஒட்டுகிற மெட்டலோசின் பாலித்தீன் அல்லது அயனோமர் பிளாஸ்டிக் உள்படலத்துக்கு மாறுவதா, சீல் அகலத்தை 10 மில்லிமீட்டர் ஆக்கினாலே போதுமா?