'லீன் ஆன் மீ' பாடலுக்குப் பின்னால் இருப்பவர் யார்?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் 1972-இல் பாடிய இப்பாடல் குறிப்பிட்ட ஒரு நண்பரை எண்ணி எழுதப்பட்டதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஒருவரை எண்ணி அன்று, ஓர் ஊரையே எண்ணி எழுதப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்த அவர், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய பின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலைகளில் வேலை செய்தார். அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்து வாழ்ந்த அந்த நெருக்கம் பெருநகரில் கிடைக்காத ஏக்கமே பாடலாயிற்று. எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சை நெகிழவைக்கும் வரிகள் அவை.

மறுமொழி 2: மெட்டும் எளிமையாகவே பிறந்தது. புதிதாக வாங்கிய பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளில் விரல்களை ஏற்றி இறக்கியபோது அமைந்தது என்பதால்தான், இசைப் பயிற்சி இல்லாதவரும் உடன் பாட முடிகிறது.

மறுமொழி 3: 1987-இல் கிளப் நூவோ குழுவினரின் வடிவமும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயினும் விதர்ஸின் குரலையே முதலில் கேளுங்கள்.