சிங்கப்பூருக்கு தனியா போறேன், எஸ் பாஸ் வந்தாச்சு, ஆனா பயமா இருக்கு

காவேரிப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம், இங்க முதல் தடவை எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வயசு 23, கும்பகோணம் பக்கம், பி.காம் முடிச்சிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 14 ஆயிரத்துக்கு ரெண்டு வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன். இப்ப சிங்கப்பூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, ஐபிஏ (எஸ் பாஸ்ங்கிற வேலை அனுமதிக்கான ஒப்புதல் லெட்டர்) வந்துடுச்சு, அடுத்த மாசம் திருச்சில இருந்து கெளம்பணும். எங்க குடும்பத்துலேயே வெளிநாடு போற முதல் ஆள் நான்தான், அதுவும் பொண்ணு, தனியா. அப்பா ஒத்துக்கவே மூணு மாசம் ஆச்சு, பாட்டி இன்னும் என்கூட பேசல. உண்மையை சொன்னா நான் தனியா சென்னைக்கே போனதில்ல. அங்க ரூம் எப்படி பாக்குறது, சாப்பாடு எப்படி, நைட் லேட்டா வந்தா பயமில்லையா, ஞாயித்துக்கிழமை ஆனா அழுகை வருமா, இதெல்லாம்தான் தூங்க விடமாட்டேங்குது.

சம்பளம் ஐபிஏல 3300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டிருக்கு, கைக்கு 2200 வரும், மீதி லெவிக்கு பிடிச்சுப்பாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரு. அவருக்கு மொத்தம் 3.5 லட்சம், 1 லட்சம் குடுத்தாச்சு. யாராவது அக்கா அண்ணா இருந்தா சொல்லுங்க.

தேக்கா டீ

சென்னைய விட சிங்கப்பூர் ஈஸிமா, அங்க ஆட்டோக்காரர் கூட பேரம் பேச வேண்டாம் 😄 பஸ் ஸ்டாப்ல நின்னா எத்தனை நிமிஷத்துல பஸ்னு போன்லயே வரும். தமிழ் ஆட்சி மொழி, நெறைய போர்டு தமிழ்லயும் இருக்கும், தீபாவளிக்கு லீவு. திருச்சில ஏறி நாலு மணி நேரத்துல வந்து எறங்கிடுவீங்க. தைரியமா வாங்க.

ஈசூன்காரன்

தங்கச்சி, ரூம் சாப்பாடெல்லாம் அப்புறம் பேசலாம், நீங்க போற போக்குல எழுதுன அந்த கடைசி ரெண்டு வரிதான் விஷயமே. லெவிங்கிறது கம்பெனி அரசாங்கத்துக்கு கட்ட வேண்டிய காசு, அதை தொழிலாளி சம்பளத்துல பிடிக்கவே கூடாது, சட்டப்படி குத்தம். 3300ங்கிறது ஏதோ வாய்க்கு வந்த நம்பர் இல்ல, 2025 செப்டம்பர்ல இருந்து புது எஸ் பாஸ்க்கு குறைஞ்சபட்ச சம்பளமே அதுதான் (வயசு கூட கூட அதுவும் கூடும்), அதுக்கு கீழ காட்டுனா பாஸ் கிடைக்காது. அதனால பேப்பர்ல 3300 போட்டுட்டு மாசாமாசம் 1100ஐ கேஷா திருப்பி வாங்குறது இங்க ரொம்ப நாளா நடக்குற தில்லுமுல்லு. மாட்டுனா ஓனருக்கு ஜெயில் வரைக்கும் போகும். தெரிஞ்சே பொய்யான டிக்ளரேஷனுக்கு நீங்களும் ஒத்துக்கிட்டா உங்களுக்கும் சிக்கல்.

முதல்ல மனிதவள அமைச்சு சைட்ல ஐபிஏ நிஜமான்னு செக் பண்ணுங்க. அப்புறம் அந்த 3.5 லட்சம். இந்தியால பதிவு பண்ண ஏஜென்ட் சட்டப்படி 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சியா இருந்தா எத்தனை வருஷ வேலைன்னாலும் ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல வாங்கக்கூடாது. உங்க ஆளுக்கு லைசென்ஸ் இருக்கான்னு இந்திய அரசாங்கத்தோட இமைக்ரேட் சைட்ல பாருங்க, எனக்கென்னமோ இருக்காதுன்னு தோணுது.

மன்னார்குடி மைனர்

அண்ணா சும்மா பயமுறுத்தாதீங்க, இங்க வந்தவங்கள்ல பாதி பேர் இப்படித்தான் வந்திருக்கோம். சட்டம் பேசிட்டு இருந்தா ஊர்லயே 14 ஆயிரத்துக்கு உக்காந்திருக்க வேண்டியதுதான். 2200ன்னாலும் ஊர் காசுக்கு ஒன்றரை லட்சம் கிட்ட வருதே?

கப்பல்பட்டறை

மைனர் தம்பி, நான் அப்படி வந்தவன்தான், அதனால சொல்றேன். எனக்கும் 1100தான். சம்பளம் பேங்க்ல ஏறுன மறுநாள் ஏடிஎம்ல எடுத்து கவர்ல போட்டு சூப்பர்வைசர் கையில குடுக்கணும், 14 மாசம் குடுத்தேன், 15,400 வெள்ளி, ஊர் காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல. வேலை போயிடும்னு வாயைத் தெறக்கல. கடைசில கம்பெனி ஆள் குறைச்சப்ப என் பாஸைத்தான் முதல்ல கேன்சல் பண்ணாங்க, முப்பது நாள் விசிட் பாஸ், அதுக்குள்ள வேற வேலை தேடு இல்ல ஊருக்கு போ. கேஷா குடுத்ததுக்கு ஒரு துண்டு சீட்டு கூட என்கிட்ட இல்ல. கடன் வாங்கி வர்றவன் எதையும் எதுத்து பேச மாட்டான்னு அவங்களுக்கு நல்லா தெரியும், அந்த 3.5 லட்சமே அதுக்குத்தான் போல. 2200ல ரூம், சாப்பாடு, போன், பஸ்ஸு போக என்ன நிக்கும்னு கணக்கு போட்டுட்டு பேசு தம்பி.

பாப்பா, ஏஜென்ட்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு, இந்த 1100 விஷயத்தை வாட்ஸப்ல எழுதி அனுப்புங்க சார்னு. அனுப்புறாரான்னு பாரு.

பொங்கோல் அக்கா

அண்ணன்மார் சொன்னதை முதல்ல முடிச்சிடுமா, அப்புறம் உன் கேள்விக்கு வர்றேன். நானும் 23 வயசுல தனியா வந்தவதான். நைட் 11 மணிக்கு எம்ஆர்டில (இங்க மெட்ரோ ரயில்) எறங்கி வீட்டுக்கு நடந்து வந்திருக்கேன், அந்த பயம் வேண்டாம், ஒரு வாரத்துல போயிடும். எனக்கு பயம் வந்தது காய்ச்சல் அடிச்சப்பதான். ஒரு டம்ளர் வெந்நி வெச்சு குடுக்க ஆளில்ல, கிளினிக் போய் எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) வாங்கணும்னு கூட தெரியாம ஆபீஸ் போயிட்டேன். நீ வந்ததும் உங்க கம்பெனிக்கு எந்த கிளினிக்னு முதல் நாளே கேட்டு வெச்சுக்கோ.

ரூம் விஷயத்துல, போட்டோவ காட்டி அட்வான்ஸ் அனுப்புன்னு கேட்டா ஒரு காசு அனுப்பாத, முதல் ரெண்டு வாரம் ஹாஸ்டல்ல தங்கிட்டு நேர்ல பார்த்து எடு. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல ரூம் எடுத்தா குறைஞ்சது 6 மாசம். விளம்பரத்துல லைட் குக்கிங்னு போடுவாங்க, அப்படின்னா என்னன்னு வீட்டுக்காரம்மாகிட்ட வாயால கேட்டுக்கோ, எங்க முதல் வீட்ல மேகி செய்யலாம், ரசம் தாளிச்சா கதவை தட்டுவாங்க. நான் ரெண்டு பேரு ஷேரிங்ல 550 குடுத்தேன். ஞாயித்துக்கிழமை அழுகை வரும், வராம எப்படி. லிட்டில் இந்தியால தேக்கா மார்க்கெட் பக்கம் போயிடு, கருவேப்பிலை வாசனைக்கே பாதி சரியாயிடும். நம்ம ஊரு ரெண்டரை மணி நேரம் பின்னாடி, நீ ராத்திரி பத்துக்கு ஓஞ்சு போய் கூப்பிட்டா அங்க ஏழரை, உங்கம்மா சீரியல் பாத்துட்டே ம் ம்னு சொல்லுவாங்க, அதுக்கும் ஒரு தடவை அழுவ.

பெட்டில கசகசா மட்டும் வெக்காத. சிங்கப்பூர்ல தடை.

காவேரிப்பொண்ணு

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஐபிஏ செக் பண்ணேன், நிஜம்தான். ஏஜென்ட்கிட்ட வாட்ஸப்ல எழுதி கேட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, ரெண்டு நாளா போன் எடுக்கல. இமைக்ரேட்ல அவர் பேரே இல்ல. கம்பெனி எச்ஆர்க்கு இன்னைக்கு காலைல நேரா மெயில் போட்டிருக்கேன், 3300 முழுசா என் அக்கவுண்ட்ல வருமா, அதுல இருந்து யாருக்காவது நான் திருப்பி குடுக்கணுமான்னு ரெண்டே கேள்வி. ஐபிஏ 60 நாள்ல இன்னும் 38 நாள் இருக்கு. அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், திட்டுவாருன்னு நெனச்சேன், அந்த ஒரு லட்சம் போனா போகுது, மீதிய குடுக்காதன்னுட்டாரு. பாட்டி மட்டும் அவன் நாசமா போவான்னாங்க, மூணு மாசத்துல பேசுன முதல் வார்த்தை 😂

அக்கா ஒரு டவுட், அம்மா ரெண்டு கிலோ குழம்பு பொடி அரைச்சு வெச்சிருக்காங்க, அதுல கசகசா வறுத்து போட்டிருக்காங்களாம். பொடியா இருந்தாலும் பிடிப்பாங்களா?

பொங்கோல் அக்கா

அதை வீட்லயே வெச்சுட்டு வேற அரைக்க சொல்லு. 38 நாள் இருக்குல்ல.